அடியில் போன வெங்காயம்

தொலைக்காட்சி விவாதங்களில் வந்து உட்காரும் போர் நிபுணர்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கப்பல் எங்காவது நகர்ந்துவிட்டால் போதும், விமானம் எத்தனை, ஏவுகணை எத்தனை, வீரர்கள் எத்தனை ஆயிரம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். 2025 ஆகஸ்டில் கப்பலில் போய்க் கரையேறிச் சண்டையிடும் அமெரிக்க மரைன் படையின் 22ஆவது எக்ஸ்பெடிஷனரி யூனிட் (கடல் கடந்து போகும் பிரிவு) கரீபியன் கடலுக்குப் போனபோதும் இதே கச்சேரிதான். "மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தானே அண்ணாச்சி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவான்?" என்று டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, போய்விட்டான். சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நிற்கிறது. ஆகவே இங்கே இறக்கி வைக்கிறேன்.

நான் படையில் இருந்தவனில்லை. தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலத்தீவுக்குப் போகும் தோணி ஒன்றுக்குக் கணக்கு எழுதினேன். வெங்காய லாரி காலையில் வந்தது, அதை முதலில் ஏற்றினோம். சிமெண்ட் லாரி மதியம் வந்தது, அதை மேலே அடுக்கினோம். மூட்டைக் கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் மாலேயில் முதலில் இறங்க வேண்டியது வெங்காயம். சிமெண்டுக்காரர் வேறு ஆள், அவருக்கு அவசரமே இல்லை. சிமெண்ட் முழுவதையும் கைச்சுமையாக வெளியே எடுத்து வெங்காயத்தைத் தொட்டபோது பாதி புழுங்கிப் போயிருந்தது. திரும்பி வந்த தண்டல், அதாவது தோணித் தலைவர், என்னை அடிக்காத குறைதான். "கணக்கப்பிள்ளை, எண்ணத் தெரிந்தால் போதுமா? இறக்குகிறவனை நினைத்து ஏற்ற வேண்டாமா?" என்றார்.

அன்று முதல், கடல் கடந்து படை போகிறது என்று எங்கே படித்தாலும் என் கண் முதலில் கப்பலின் அடித்தளத்துக்குத்தான் போகிறது.

முதல் உலகப் போரில், 1915இல் துருக்கியின் கலிப்பொலியில் பிரிட்டிஷ்காரர்கள் என் வெங்காயத் தவற்றைத்தான் ஒரு படையளவுக்குச் செய்தார்கள். பீரங்கி ஒரு கப்பலில், குண்டு வேறு கப்பலில். குதிரை ஓரிடம், வண்டி ஓரிடம். லெம்னோஸ் தீவின் முட்ரோஸ் துறைமுகத்தில் அதைப் பிரித்து அடுக்க வசதியில்லை. தளபதி இயன் ஹாமில்டன் கப்பல்களை எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குத் திருப்பி அனுப்பி, எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார். தரையிறங்கியபோது ஏப்ரல் 25. இடையில் கிடைத்த வாரங்களில் துருக்கியர் தங்கள் ஜெர்மானியத் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸின் கீழ் மேடுகளில் பதுங்குகுழி வெட்டி முள்கம்பி கட்டிவிட்டார்கள். அந்தத் தோல்விக்குக் காரணம் பல. ஆனாலும் அந்த ஒரு மாதத்தைத் தின்றது சரக்கு ஏற்றிய கணக்குதான் என்பது என் கட்சி.

அமெரிக்க மரைன்கள் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். அவர்கள் படையைக் கட்டும் முறையைப் பார்த்தால் தெரியும். சிறியதானாலும் பெரியதானாலும் உள்ளே நான்கே பகுதிகள்: தலைமை, தரைப்படை, விமானம், வழங்கல். கர்னல் ஒருவரின் கீழ் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தால் அது எக்ஸ்பெடிஷனரி யூனிட். அதையே பெருக்கினால் பிரிகேட். அதற்கும் மேலே, லெப்டினன்ட் ஜெனரலின் கீழ் பல்லாயிரம் பேர் கொண்ட எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ். நான்கு பேர் வீட்டுக்கும் நானூறு பேர் பந்திக்கும் அதே சாம்பார், பாத்திரம்தான் வேறு. ஆனால் நிபுணர்கள் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று இருக்கிறது. யூனிட் தன் கையிருப்பில் 15 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும், பிரிகேட் 30 நாள், பெரிய படை 60 நாள். ஒரு படையின் அளவைச் சோற்று நாளில் சொல்கிறவன் தொழில் தெரிந்தவன்.

அந்த 2,200 பேரில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு கரையேறும் பட்டாளம் ஏறத்தாழ பாதிதான். மீதிப் பேர் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார்கள், லாரி பழுது பார்க்கிறார்கள், கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள். மூன்று கப்பல்களில் பிரிந்து ஏறுகிறார்கள். பெரியது ஏறத்தாழ 40,000 டன், மேல்தளத்தில் விமானங்கள். இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் ஒரு வேடிக்கை உண்டு. தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கப்பல் தன் பின்பகுதியைத் தானே தாழ்த்திக்கொள்ளும். பின்கதவு திறக்கும். உள்ளே கடல் புகுந்து ஒரு குளம் போல நிற்கும். காற்று மெத்தையில் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்டுகளும் படகுகளும் அந்த வயிற்றிலிருந்து கடலுக்குப் புறப்படும். முதலில் கரையேற வேண்டிய வண்டி அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அதாவது அது கடைசியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளவே அந்தக் கப்பல்களில் மரைன் அதிகாரி ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அவர் பதவிக்குப் பெயர் 'காம்பேட் கார்கோ ஆபீசர்'. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. உலகத்தின் வலிமைமிக்க படையிலும் ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறான், அவனுக்கு அதிகாரி அந்தஸ்தும் கொடுத்திருக்கிறார்கள்!

2004 ஆழிப்பேரலையின்போது இதை நேரில் கண்டவர்கள் இலங்கையில் இன்றும் இருப்பார்கள். 15ஆவது யூனிட்டைச் சுமந்து மேற்கே போய்க்கொண்டிருந்த கப்பல்கள் திருப்பிவிடப்பட்டன. பொனோம் ரிச்சர்ட் என்ற பெரிய கப்பல் சுமத்ராவுக்கும் டுலூத் இலங்கைக்கும் போயின. அன்று தேவைப்பட்டது துப்பாக்கி தூக்கிய பாதி இல்லை. துறைமுகம் இருந்தால் என்ன, உடைந்திருந்தால் என்ன என்று தண்ணீரையும் அரிசியையும் மணலில் கொண்டுபோய் இறக்கத் தெரிந்த மற்றப் பாதி.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்படி ஏழு யூனிட்டுகள் உண்டு. மூன்று கலிபோர்னியாவில், மூன்று வட கரோலினாவில், 31ஆவது மட்டும் நிரந்தரமாக ஜப்பானின் ஒக்கினாவாவில். அப்படியானால் உலகக் கடல்களில் எப்போதும் ஏழும் திரிகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று கடலில் இருக்க வேண்டுமானால் ஒன்று பயிற்சியில் இருக்கும், ஒன்று திரும்பி வந்து மூச்சு வாங்கும். கப்பலுக்கும் அதே கதை. துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், பழுது பார்க்க உலர்துறைக்குள் போன கப்பல் சொன்ன தேதிக்கு வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை வெடித்து அமெரிக்கக் குடிமக்களை வெளியேற்ற வேண்டி வந்தபோது, அருகில் இப்படி ஒரு யூனிட்கூட இல்லை. மரைன் தலைமையே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருந்தியது. மறு ஆண்டு பாக்ஸர் என்ற பெரிய கப்பல் ஏப்ரல் தொடக்கத்தில் சான்டியாகோவிலிருந்து கிளம்பி, சுக்கான் கோளாறால் சில நாட்களில் வீடு திரும்பியது. மறுபடி புறப்பட்டது ஜூலையில். மூன்று கப்பல் சேர்ந்தால்தான் ஒரு யூனிட். ஒரு சக்கரம் கழன்றால் ஆட்டோ ஓடுமா? எண்ண வேண்டியது வீரர்களை இல்லை தம்பி, பட்டறையில் நிற்கும் கப்பல்களை.

(2020இல் டாங்கிகளையெல்லாம் கைவிடுகிறோம் என்று மரைன்கள் அறிவித்தபோது ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் கொதித்தார்கள். சீனாவை மனத்தில் வைத்து, பசிபிக் தீவுகளில் ஏவுகணைகளுடன் சிறு குழுக்களாகப் பரவுவது புதிய திட்டம். அது சரியா தவறா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு ஹோவர்கிராஃப்ட் ஒரு நடைக்கு ஒரே ஒரு ஏப்ராம்ஸ் டாங்கியைத்தான் சுமக்கும் என்று தெரிந்தபோது, முடிவெடுத்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.)

கப்பல் போதாத இடத்தில் வேறொரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சரக்கை முன்கூட்டியே அனுப்பிவிடுவது, ஆளைப் பின்னால் விமானத்தில் அனுப்புவது. நார்வேயில் ட்ராண்ட்ஹைம் பக்கம் மலைக்குகைகளைக் குடைந்து, ஈரம் ஏறாமல் பதப்படுத்தி, வண்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடலில் அந்த வேலையைச் செய்வது டியாகோ கார்சியா. இந்தியாவின் தென்முனையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அங்கே குதிரை லாடம் போல வளைந்த பவளத்தீவின் உள்ளே, அலையடிக்காத காயலில், நிறைசரக்கோடு கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். 1990இல் அவற்றுள் இருந்தது டாங்கி, லாரி, ஜெனரேட்டர், குண்டு, சோற்றுப் பொட்டலம், ஒரு பிரிகேட்டுக்கு 30 நாளுக்கு வேண்டியது அத்தனையும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தார். அந்தக் கப்பல்கள் ஆகஸ்ட் 15 அன்று சவூதியின் ஜுபைல் துறைமுகத்தில் நின்றன. கலிபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மரைன்கள் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினார்கள். தொழிலாகப் பார்த்தால் கைதட்ட வேண்டிய வேலை. நானும் தட்டினேன்.

அந்தக் காயல் யாருடையது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அங்கே தலைமுறைகளாகத் தென்னந்தோப்பில் வேலை செய்து வாழ்ந்த சாகோஸ் மக்களை 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் மொத்தமாக அப்புறப்படுத்தி, மொரீஷியஸிலும் சேஷல்ஸிலும் கொண்டுபோய் விட்டது. கடைசிக் குடும்பங்கள் போகும் முன்பே அவர்களுடைய நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, புகையடித்துக் கொன்றார்கள். கடலையே தளமாகக் கொண்ட படை, யார் மண்ணையும் நம்பி இல்லை என்று இந்தப் படைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருமை பேசுவதுண்டு. ஒக்கினாவாக்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஜப்பானின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத அந்தத் தீவுதான், ஜப்பானிலுள்ள அமெரிக்கத் தளங்களின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் சுமக்கிறது.

2021 அக்டோபரில் எண்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை ஏற்றிக்கொண்டு கனடாவை நோக்கிப் போன மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் ஆபத்தில் சிக்கியது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியாகோ கார்சியாவில் கரையேற்றியது. தீவின் நிர்வாகம் அப்போது பிரிட்டனிடம் இருந்தது, ஆகவே மரைன்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மக்கள், குழந்தைகளும் சேர்த்துத்தான், வேலியடைத்த முகாமில், எலிகள் ஓடும் கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அதே மாதத்தில்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு படைக்கு வேண்டிய சோறும் தண்ணீர் இயந்திரங்களும் சுமந்த கப்பல்கள் நங்கூரமிடும் காயல் அதே தீவில்தான் இருக்கிறது.