காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் சொல்கிறவர்களுக்கு

அந்தக் குரல்பதிவைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை குடியிருப்புக் குழுவில் மறுபடி அதையே போட்டிருக்கிறார்கள். "காய்ச்சலா? டாக்டர் எதற்கு, அசித்ரோமைசின் மூன்று நாள் போடுங்க." கீழே வரிசையாகக் கும்பிடு வேறு.

மழைக்காலக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, ஆன்டிபயாடிக். பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்துக்கொண்டு, அந்த வேலையை நடக்க விடாமல் தடுக்கும். வைரஸுக்கு ரைபோசோமே கிடையாது. அப்புறம் மாத்திரை யாரை அடிக்கும்? உங்கள் குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களை. அந்தக் கோடிக்கணக்கானவற்றில், மரபணு மாற்றத்தால் மருந்துக்குச் சாகாதவை சில இருக்கலாம். மற்றவை செத்து இடம் காலியானதும் அவை பெருகும். பல சமயம் அந்த மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்து வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

"எனக்கு ஒன்றும் ஆகலையே" என்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு மருந்து பழகுவதில்லை, கிருமிதான் மாறுகிறது. அது உங்களோடு நிற்காது.

நான் நுண்ணுயிரியல் லேபில் இருப்பவள். தட்டில் கிருமியைப் பூசி, மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். ஸ்கேல் வைத்து அளப்போம். போன மாதம் என் பெரியம்மாவின் சிறுநீர் கல்ச்சரில் பல வில்லைகளின் விளிம்பை ஒட்டிக் கிருமி வளர்ந்து நின்றது. ரிப்போர்ட்டில் ஆர், ஆர், ஆர் என்று என் கையால் டைப் செய்தேன். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. மாத்திரையில் போயிருக்க வேண்டியது, ஊசிக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. தலைவலிக்குக்கூட மாத்திரை தொடாதவர் அவர். யார் போட்ட மாத்திரைக்கு யார் படுத்தார்?

ஃபீஸ் கட்ட முடியாதவன் என்ன செய்வான் என்கிறீர்கள். சரி, நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலியே போய்விடும். ஆனால் குரல்பதிவைப் பரப்பிய நீங்கள் யாரும் கூலிக்குப் போகிறவர்கள் இல்லையே! கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் பண்ணைக்காரரைக் கேட்டாயா என்கிறீர்கள். கேட்கத்தான் செய்கிறோம். தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்ப்பதற்கு 2019-லேயே தடை வந்தது. பண்ணைக்காரர் செய்தது தப்பென்றால் நீங்கள் செய்வது சரியாகிவிடுமா?

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கே 1945-இல் நோபல் உரையில், கிருமி மருந்துக்குச் சாகாததாக மாறலாம் என்று எச்சரித்தார். குழுவில் எனக்கு எழுதியது போல அவரிடமும் போய் "மெத்தப் படித்த திமிர்" என்று சொல்வீர்களா? அந்த வார்த்தையை எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பேரனுக்குக் காய்ச்சல் இறங்காத அன்று, பாதி ராத்திரியில் ரிப்போர்ட்டைக் கேட்டு எனக்குத்தான் போன் செய்தீர்கள். அன்றைக்கு என் படிப்பு வேண்டியிருந்தது.