படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்

ஞாயிற்றுக்கிழமை நம் குழு மொட்டைமாடியில் படம் பார்த்தபோது இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸாப்பில் போய்ச் சேர்ந்திருக்கும், நம் குழுவில் எதுதான் தங்குகிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். நேற்று காலையில் இங்கேயே ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டு என்னை டேக் செய்திருந்தார். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தைப் போடச் சொன்னதே நான்தான். ஃபேஸ்புக் உண்டான கதை, டேவிட் ஃபின்ச்சர் இயக்கி 2010இல் வந்தது. மார்க் ஸக்கர்பெர்க்கும், ஆரம்பத்தில் காசு போட்ட நண்பன் எட்வர்டோ சேவரினும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதுதான் அதில் முக்கியம். இதுவரை ஆறேழு முறை பார்த்திருப்பேன். எட்வர்டோ ஃபேஸ்புக் அலுவலகத்துக்குள் நடந்து வந்து, மார்க்கின் லேப்டாப்பைத் தூக்கி மேசையில் ஓங்கி அடிக்கிற காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டா இப்படித்தானுங்க, ஏமாளிப் பய." எல்லோரும் சிரித்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை. இரண்டு பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நம்பினவனுக்குப் பெயர் ஏமாளி. அவன் நம்பியதை வைத்துக் காரியம் சாதித்தவனுக்குப் பெயர் கெட்டிக்காரன். இந்த அகராதியை எந்த அச்சகத்தில் அடித்தீர்கள்?

படத்தில் எட்வர்டோ செய்தது என்ன? ஹார்வர்ட் விடுதி அறையில் நண்பன் ஒரு யோசனை சொல்கிறான். இவன் முதலில் ஆயிரம் டாலர் தருகிறான், அப்புறம் 18,000 தருகிறான். 2004 பிப்ரவரியில் தளம் வெளியே வருகிறது. மார்க் கலிஃபோர்னியாவுக்குப் போகிறான், நடுவில் ஷான் பார்க்கர் என்கிற ஆள் வந்து சேர்கிறான், முதலீட்டாளர் பீட்டர் தீல் 5 லட்சம் டாலர் போடுகிறார். வக்கீல்கள் தாளை நீட்டுகிறார்கள், இவன் நம்ம கம்பெனி, நம்ம வக்கீல் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறான். பத்து லட்சமாவது ஆள் சேர்ந்ததைக் கொண்டாட வா என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் தெரிகிறது, 34 சதவீதம் இருந்த பங்கு 0.03 ஆகியிருக்கிறது. மற்றவர்கள் யாருடைய பங்கும் குறையவில்லை. விசாரணை மேசையில் வக்கீல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்பார், இன்னாருடையது குறைந்ததா, இல்லை, இன்னாருடையது, இல்லை. அந்த இடத்தில் எட்வர்டோவாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் முகத்தைப் பாருங்கள். படத்துக்கு எட்டு ஆஸ்கர் பரிந்துரை, அந்த முகத்துக்கு ஒன்றுகூட இல்லை. அதுவும் எழுதி வாங்காத குறைதான் போல.

இதில் ஒரு வேடிக்கை. மாடியில் விழுந்த அந்தப் பொன்மொழியை மார்க்கே படத்தில் சொல்லிவிடுகிறான். கம்பெனியின் கணக்கு வழக்குக்குப் பொறுப்பாளன் நீ, உன் சொந்தக் கம்பெனியிடமே தோற்றுவிட்டு என் மேல் பழி போடுகிறாயா என்கிற மாதிரி. திரைக்கதை எழுதிய ஆரன் சோர்கின் அந்த வசனத்தை மார்க் வாயில் வைத்ததை நம் ஆட்கள் கல்வெட்டில் பொறித்துக்கொண்டார்கள். எழுதியவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று பார்க்க நேரமில்லை, பாப்கார்ன் தீர்ந்துவிடும்.

இனி கேள்விகள் வரும். வரட்டும்.

"அது சினிமா, நிஜம் அப்படி இல்லை." தெரியும். முதல் காட்சியில் மார்க்கைக் கழற்றிவிட்டுப் போகிற எரிக்கா சினிமாவுக்காக உண்டாக்கிய பெண். நிஜத்தில் ஸக்கர்பெர்க் 2003இலேயே பிரிசில்லாவைச் சந்தித்துவிட்டார், பிற்பாடு அவரைத்தான் கல்யாணமும் செய்துகொண்டார், ஆக ஒரு பெண் விட்டுப் போன கோபத்தில் ஒரு சாம்ராஜ்யம் என்பது திரைக்கதை. உடைகளை மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள் என்று அவரே கிண்டல் செய்திருக்கிறார். படத்துக்கு அடிப்படையான பென் மெஸ்ரிச்சின் புத்தகத்துக்கு ஆரம்பத்தில் விவரம் கொடுத்தவரே சேவரின்தான், அதனால் அது ஒருபக்கக் கதை என்றும் சொல்வார்கள். ஒருபக்கமாகவே இருக்கட்டுமே. இன்னொரு பக்கத்துக்குத்தான் உலகமே இருக்கிறதே. பங்கைக் குறைத்தார்கள், வழக்கு நடந்தது, சமரசம் ஆனது, 2009இல் இணை நிறுவனர் என்று அவர் பெயரைத் தளத்தில் திரும்பப் போட்டார்கள். இதில் எதையும் சோர்கின் கற்பனை செய்யவில்லை.

"எட்வர்டோ மட்டும் யோக்கியமா? பேங்க் கணக்கை முடக்கினானே, நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தானே?" முடக்கினான். தப்புதான். அதற்கு நேரில் சண்டை போடலாம், வெளியே போ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். சிரித்தபடி பேனாவைக் கொடுப்பதற்கு வேறு பெயர். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

"அவர் இன்றைக்குச் சிங்கப்பூரில் பெரும் கோடீஸ்வரர், அவருக்காக நீ எதற்கு அழுகிறாய்?" இதுதான் எனக்கு மிகவும் எரிச்சலான கேள்வி. ஆமாம், அமெரிக்கக் குடியுரிமையையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே இருக்கிறார், என்னைவிடப் பல ஜென்மம் வசதியாக இருக்கிறார். அதனால்? காசு வந்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடுமா? அந்த ஆள் கோர்ட்டில் கேட்டதில் பணமும் இருந்தது, பெயரும் இருந்தது. படம் முடியும்போது திரையில் வருகிற எழுத்தைப் படியுங்கள், சமரசத் தொகை எவ்வளவு என்று தெரியாது, பெயர் திரும்ப ஏறியது என்று இருக்கும். நீங்கள் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

மார்க் மேல் வழக்குப் போட்ட ஹார்வர்ட் மாணவர்கள், விங்கிள்வாஸ் இரட்டையர்கள் மேல் எனக்குப் பெரிய இரக்கம் எதுவும் இல்லை. யோசனை எங்களுடையது என்றார்கள், 2008இல் ஆறரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, போதும். அவர்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்தாரே, திவ்யா நரேந்திரா, நியூயார்க்கில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். படத்தில் அந்த வேடத்தைப் போட்டவர் மேக்ஸ் மிங்கெல்லா, இந்தியர் இல்லை. மாடியில் இருந்த பதினான்கு பேரில் ஒருவர்கூட இதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. மூன்றாவதாக நிற்கிறவனை யார் பார்க்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் திரித்துச் சொல்லப்பட்டிருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட் கணக்கு, யார் எத்தனை உருப்படி தைத்தார்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது, எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். சனிக்கிழமை மதியம் ஆனால் மேனேஜருக்கும் டெய்லர்களுக்கும் வாய்ச்சண்டை. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் நான் அப்படி ஒரு கம்பெனியில்தான் அந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். புரோகிராம் எழுதியது என் நண்பன். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை, எனக்கு அதில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் வேலையை விட்டு, பிஎஃப் பணம் 1,40,000 ரூபாயை எடுத்துப் போட்டது நான். ஸ்ப்ளெண்டர் பைக்கில் ஏறி அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கேயம் ரோடு என்று ஒவ்வொரு கம்பெனியாகப் போய், வாட்ச்மேனிடம் கெஞ்சி, முதலாளி சாப்பிட்டு வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றது நான். முதல் பதினொரு கம்பெனியும் நான் பிடித்தவை.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடை வாசலில் வைத்து, "மாப்ள, பார்ட்னர்ஷிப்பை பிரைவேட் லிமிடெட் ஆக்கறோம், ஆடிட்டர் கேக்கறாரு, இதுல ஒரு கையெழுத்து" என்றான். வண்டி சீட்டில் வைத்துப் போட்டேன். நான்கு தாள். எல்லாம் இங்கிலீஷ், அதைக்கூட ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன், எனக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. அவன் அம்மா கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன், அவன் நீட்டிய தாளை அவன் எதிரில் நின்று வரி வரியாகப் படித்தால் அதற்கு என்ன அர்த்தம்? அதில் ஒரு தாள், நான் மனம் ஒப்பி விலகிக்கொள்கிறேன் என்று இருந்திருக்கிறது. எட்டு மாதம் கழித்து அவர்கள் வெப்சைட்டில் நிறுவனர் என்று ஒரே ஒரு போட்டோ வந்தபோதுதான் கேட்டேன். அப்போதும் கேட்டதற்கு, "படிச்சுத்தான போட்ட" என்றான்.

இப்போது சொல்லுங்கள், "யோசனைக்கு மதிப்பில்லை, செய்து காட்டியவனுக்குத்தான் மதிப்பு" என்று. ஞாயிறு ராத்திரி அதையும் ஒருவர் சொன்னார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. வேப்பமரத்தடியில் நின்றது செய்து காட்டியதில் சேராதா? புரோகிராம் எழுதினால் மட்டும்தான் உழைப்பா? மார்க் இல்லாமல் ஃபேஸ்புக் இல்லை, ஒப்புக்கொள்கிறேன், இந்தப் பதிவையே அந்த ஆள் கட்டிய திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீடு கட்டியவனைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. முதல் வண்டி செங்கல் இறக்கக் காசு கொடுத்தவனைப் பார்த்து ஏமாளி என்று சிரிக்காதீர்கள் என்கிறேன். இவ்வளவுதான் நான் கேட்பது, இதற்கு ஏன் இத்தனை விவாதம்.

"நீ ரொம்ப பெர்சனலா எடுத்துக்கற" என்று ஒரு அண்ணன் நேற்று போனில் சொன்னார். என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் எப்படி எடுத்துக்கொள்வது அண்ணா, பொதுவாகவா? உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் அன்றைக்கு மாடியில் நீங்களும் இருந்தீர்கள், "டேய் சும்மா இருங்கடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. அந்த வசனத்தை எடுத்துவிட்டாரே, அவருக்கு இந்தக் கையெழுத்துக் கதையை நான்தான் சொன்னேன். அவர் கடை மூடிய வருஷம், ராத்திரி ஒரு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதபோது, உனக்கு மட்டுமா நடக்கிறது என்று ஆறுதலுக்காகச் சொன்னது. அதுவரை என் மனைவிக்கே முழுசாகத் தெரியாது. அதையும் நான் எழுதி வாங்கிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும் போல. அடுத்த முறை பத்திரம் கொண்டு வருகிறேன்.

அடுத்த முறை என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். வருகிற ஞாயிறு நான் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. என்ன படம் என்று எனக்கு அனுப்ப வேண்டாம். மாடியில் இருக்கிற அந்தக் கறுப்பு ஸ்பீக்கர் இரண்டும், நீள எச்டிஎம்ஐ வயரும் என்னுடையவை. குழுவில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால் சொல்கிறேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது எடுத்து வந்து வீட்டில் கொடுத்தால் போதும், நான் இல்லாவிட்டாலும் வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். வயரைச் சுருட்டும்போது மடிக்க வேண்டாம், உள்ளே அறுந்துவிடும்.