24 − 8 + 6 = 22. அந்தப் பையன் எழுதியதுதான் சரி

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: ஓர் ஆசிரியரின் திருத்தம் தவறு என்று அங்கே சொன்னேன், அதற்கு வந்த பதில்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஆறாம் வகுப்புப் பையன் 22 என்று எழுதிய விடையைச் சிவப்பு மையில் அடித்து 10 என்று போட்டிருக்கிறார்கள். போட்மாஸில் (அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையை நினைவில் வைக்கச் சொல்லித்தரும் எழுத்துச் சுருக்கம்) கழித்தலுக்குக் கூட்டல் முன்னால் வருகிறதாம், அதனால் முதலில் 8-ஐயும் 6-ஐயும் கூட்ட வேண்டுமாம்.

கூடாது. கூட்டலும் கழித்தலும் ஒரே படி. பெருக்கலும் வகுத்தலும் ஒரே படி. ஒரே படியில் இருப்பவற்றில் இடப்பக்கம் எது முதலில் வருகிறதோ அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இதற்கே அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பெம்டாஸ் என்ற சுருக்கத்தில் பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால். எழுத்து வரிசைதான் சட்டம் என்றால் 24 ÷ 4 × 3 நமக்கு 18, அவர்களுக்கு 2 என்று ஆகிவிடும். இரண்டு ஊரிலும் 18தான்.

"2019இல் 8 ÷ 2(2+2) விடை 16ஆ 1ஆ என்று உலகமே அடித்துக்கொண்டதே" என்றார் ஒருவர். அது வேறு. அங்கே 2-ஐ அடைப்புக்குறியோடு ஒட்டி எழுதியதுதான் வம்பு. அப்படி ஒட்டி எழுதினால் அந்தப் பெருக்கல்தான் முதலில் என்று எடுப்பவர்களும் உண்டு. கால்குலேட்டர்களே மாடலுக்கு மாடல் வேறு விடை காட்டும். 24 − 8 + 6-இல் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

"கடலுக்குப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இதைப் படித்த பிறகு தூக்கமே வரவில்லை. என் அப்பா மண்டபத்தில் விசைப்படகில் போனவர். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை எடுத்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். அடைப்புக்குறி என்று அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முதலில் கழிக்கணும், அப்புறம்தான் வகுக்கணும் என்பதில் ஒரு பைசா பிசக மாட்டார். டியூஷனில் அடைப்புக்குறியை நான் அந்தப் பங்குக் கணக்கை வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நுணுக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு வராது என்று யார் முடிவு செய்தது?

"தங்கச்சி, ஆசிரியரை இப்படிப் பொதுவில் பேசலாமா?" நான் பெயரும் சொல்லவில்லை, பள்ளியும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் கைதூக்கிவிட்டுத்தான் நான் படித்தேன். தவறு யாருக்கும் வரும், அதில் எனக்குக் கோபமில்லை. சுட்டிக்காட்டிய பிறகும் 10தான் என்று நின்றதில்தான் கோபம். சரியாக எழுதிய பிள்ளையைத் தவறான விடையைத் திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கிறார்கள். அதற்குக் குழுவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் பேசிய விதம்தான் எல்லோருக்கும் உறுத்துகிறது.

தாளைத் திருத்தி அவனிடம் கொடுக்கட்டும். அன்றைக்கே இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.