உடையைப் பார்த்து ஆளைப் பொறுக்காதீர்கள்

வேட்டி கட்டிய ஒரு பெரியவரை விமான நிலைய வரிசையிலிருந்து சோதனைக்காகத் தனியே அழைத்துச் சென்றதைப் பற்றி இரண்டு நாட்களாக எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அந்தச் சோதனையைவிட, "பாதுகாப்புதானே முக்கியம், இதில் என்ன அவமானம்?" என்று நம்மவர்களே எழுதிய பின்னூட்டங்கள்தாம் என்னை அதிகம் வருத்தின. சோதிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி சோதியுங்கள், உடையைப் பார்த்து ஆளைப் பொறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கர், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் விமான நிலையத்தில், தாம் தூதர் என்று தெரிவித்த பிறகும் தனியே நிறுத்தப்பட்டு உடல் தடவிச் சோதிக்கப்பட்டார். புடவைதான் காரணம் என்று செய்திகள் வந்தன. எல்லாம் விதிப்படியே நடந்ததாக அந்நாட்டுப் பாதுகாப்பு முகமை விளக்கம் சொன்னது. அந்த விதியைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

"தளர்ந்த உடைக்குள் எதையும் ஒளிக்கலாமே" என்பீர்கள். 2001 டிசம்பரில் விமானத்தைத் தகர்க்க முயன்ற ரிச்சர்ட் ரீட் வெடிமருந்தை ஒளித்தது காலணியில். 2009 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நோக்கிச் சென்ற விமானத்தைத் தகர்க்க முயன்ற அப்துல்முத்தலப் ஒளித்தது உள்ளாடையில். காலணி பற்றிய அச்சம் வந்தபோது அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அதில் எவரும் தனித்து நிற்கவில்லை. இன்றைய மில்லிமீட்டர் அலைக் கருவிகள் துணியை ஊடுருவிப் பார்ப்பவை. கருவி ஓரிடத்தைக் காட்டினால் அந்த இடத்தைச் சோதிக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

என் அம்மா பேரக்குழந்தையைப் பார்க்க முதன்முறை விமானம் ஏறியபோது, கருவி எதையும் காட்டுவதற்கு முன்பே, புடவையைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கி நிறுத்தினார்கள். அத்தனை பேர் பார்க்க, கொசுவத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். "நான் என்னடி தப்புப் பண்ணேன்?" என்று என்னைக் கேட்டார். சோதித்தவரும் பெண்தானே என்று சமாதானம் சொல்பவர்களுக்கு, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

"பேண்ட் போட்டுக்கொண்டு போனால் பிரச்சினையே இல்லை" என்று எழுதிய நண்பரே, அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். திருமணமான நாளிலிருந்து புடவை தவிர வேறொன்று உடுத்தியறியாதவர், விமானப் பயணத்துக்கென்று சுடிதார் தைத்து வைத்திருக்கிறார்; அதை அணிந்துகொண்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூசுகிறார். இதைத் தீர்வு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது.