ஷாப்ளி: மண்ணை மட்டும் சொன்னால் போதாது

பிரான்சின் ஷாப்ளி பகுதி வெள்ளை ஒயினைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை படித்தேன். அந்த ஒயினில் தெரியும் கல் வாசனை, மண்ணில் புதைந்த சிப்பிகளிலிருந்தே வருகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திராட்சை வேர் சிப்பி ஓட்டின் ருசியை உறிஞ்சிக் குலைக்கு அனுப்புவதில்லை. சிப்பி இருப்பது என்னவோ உண்மை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கிம்மரிட்ஜியன் எனப்படும் அந்தச் சுண்ணாம்புக் களிமண்ணில் ஒரு கட்டியை உடைத்தால், காற்புள்ளி போல வளைந்த பொடிச் சிப்பிகள் தெரியும். அந்த மண் செய்யும் வேலை வேறு: மழைநீரை வடியவிட்டு, வேருக்கு வேண்டிய ஈரத்தை மட்டும் பிடித்து வைக்கிறது.

ஷாப்ளியின் ருசியில் மீதி பெரும்பாலும் குளிரின் கைவண்ணம். பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தின் வடகோடி என்பதால், இந்த ஒயினுக்கான ஷார்டொனே திராட்சை அங்கே மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு இறங்காமல் நிற்கிறது. இதே ரகம் தெற்கே மெர்சோவில் ஓக் பீப்பாயில் கிடந்து வெண்ணெய் வாசனையோடு வரும். ஷாப்ளியில் அநேகமாக எஃகுத் தொட்டிதான். அப்புறம், வெயில். கிராண்ட் க்ரூ எனப்படும் உச்சத் தரத் தோட்டங்கள் ஏழும் செரேன் ஆற்றின் வலது கரையில், தென்மேற்கு பார்த்த ஒரே சரிவில் அடுத்தடுத்து இருப்பது தற்செயல் அல்ல.

துளிர்விட்ட பிறகு உறைபனி இறங்கினால் இரவோடு இரவாகக் கொடிகள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிரைக் காப்பாற்றுகிறது. அப்படியும் 2021 ஏப்ரலில் பலத்த சேதம். இத்தனை நீளக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே!