கூப்பிடு தூரமாம்!

வன்னியில் யாரிடமும் தூரம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன ஞாயிறு நெடுங்கேணிப் பக்கம் ஒரு கல்மலையைச் சுற்றி நடந்து வரலாம் என்று வெளிக்கிட்டோம். "கூப்பிடு தூரம் தம்பி, சுத்தி வந்தா ஒரு கட்டைதான் வரும்" என்றார் தேத்தண்ணிக் கடை ஐயா. கட்டை என்றால் மைல், அது தெரியும், ஆனால் அவர் சொன்னது எந்த நாட்டுக் கட்டையோ, மூன்று மணித்தியாலம் நடந்தும் மலை எங்களுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றது.

பாதை என்று ஒன்று இருந்தால் சரி. மாடு போட்ட தடம் ஒன்று, ஆனை போட்ட தடம் ஒன்று, இரண்டும் பிரிகிற இடத்தில் சூடு ஆறாத லத்தி. எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? நாங்கள் மாட்டை நம்பினோம், அது நேரே வற்றிப்போன ஒரு மோட்டையில் (காட்டுக்குள் கிடக்கிற சின்னக் குளம்) கொண்டுபோய் விட்டது. ஆடி மாதம், கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கிறது, கையில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர்தான் (ஒரு கட்டைக்கு அது காணாதா என்ன), பாறையில் தோசை சுடலாம். பாலைப்பழக் காலமும் முடிந்துவிட்டது, பொறுக்கித் தின்னவும் வழியில்லை.

வடிவான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்கு மேலே அந்தக் கல் தலை நீட்டிக்கொண்டு நிற்பதை ரசிக்கலாம், நாக்கு ஒட்டாமல் இருந்தால்.

திரும்பி வந்து ஐயாவிடம் கேட்டால், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "நான் குறுக்கால போற தூரத்தையெல்லோ சொன்னனான்" என்கிறார். மலைக்குக் குறுக்கால எப்படி ஐயா போறது?