மிருணாளினி முகர்ஜியை இந்தியாவும் பார்த்தது
"இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, செத்த பிறகு 2019-ல் நியூயார்க் மெட் பிரூயர் அருங்காட்சியகம்தான் முதல் தனிக்கண்காட்சி வைத்தது" என்பது பாதிதான் சரி. அது அமெரிக்காவில் அவருடைய முதல் பெரிய கண்காட்சி, அவ்வளவுதான். 1994-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் தனிக்கண்காட்சி நடந்தது. 2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அது தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, பிப்ரவரியில், இறந்துபோனார். காலம் கடந்த கவனம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். கவனமே இல்லை என்றால் எப்படி?

அப்புறம், அவருடைய கயிற்றுச் சிற்பங்கள் சிலர் சொல்வதுபோல் "நெய்த" சிற்பங்களும் அல்ல. தறியே கிடையாது. சாயம் ஏற்றிய சணல் கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கு எழுப்பினார். கிட்டத்தில் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு முடிச்சுகள்தான். வெண்கலத்துக்கு வந்தது பின்னாளில்தான்.